காயலான் கடையில் விலை போகாத பேட்டரி

கும்பகோணத்தில் ஓர் இ-ஆட்டோவின் ஈய அமில பேட்டரி செத்தால், கிலோ கணக்கில் எடுத்துப் போக ஆள் வாசலுக்கே வருவார். எடையில் பாதிக்கு மேல் ஈயம். பல செல்களைக் கோத்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி பேக்குக்கு அந்த மவுசு கிடையாது. அதில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. பிரித்தெடுத்தால் பெரிதாக எதுவும் மிஞ்சாது. 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்திருக்கின்றன. ஆனாலும் மறுசுழற்சிக்கு முன்னால் மறுபயன்பாடு என்று ஒரு படி இருக்கிறது: நல்ல செல்களைப் பிரித்து வேறு வேலைக்கு வைப்பது. செம்பு, துத்தநாக உருக்காலைகளுக்கு 2020 வேளாண் மண்டலச் சட்டம் தடை போட்ட டெல்டாவுக்குத் தோதான வேலையும் அதுதான்.

51.2 வோல்ட், 100 ஏஹெச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) பேக் என்றால் உள்ளே 16 செல். பேக்கே போய்விட்டது என்று கழற்றுகிற பலவற்றில் ஒன்றிரண்டு செல்தான் படுத்திருக்கும். எது என்று மல்டிமீட்டர் சொல்லாது. இந்த வகை செல்லில் பாதிக்கு மேற்பட்ட சார்ஜ் வரம்பு முழுக்க வோல்டேஜ் 3.3-ஐ ஒட்டியே நிற்கும். நோஞ்சானும் பயில்வானாகத் தெரியும்.

ஒவ்வொரு செல்லையும் 3.65 வோல்ட் வரை ஏற்றி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, 20 ஆம்பியரில் 2.5 வோல்ட் வரை இறக்குங்கள். நான்கு மணி நேரம் தாங்கினால் 80 ஏஹெச். கொள்ளளவில் 3 சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறவற்றை மட்டும் சேருங்கள். இல்லையென்றால் நோஞ்சான் செல் முதலில் காலியாகி, மொத்த பேக்கையும் பிஎம்எஸ் (செல்களைக் காவல் காக்கும் சர்க்யூட்) நிறுத்திவிடும். 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்ததை உயிர்ப்பிக்க வேண்டாம். உள்ளே கரைந்த செம்பு, திரும்ப ஏற்றும்போது படிந்து ஷார்ட் ஆக்கும்.

80 ஏஹெச் செல் நான்கு சேர்ந்தால் சுமார் ஒரு யூனிட். மோட்டார் கொட்டகை விளக்குக்கும் வேலி மின்சாரத்துக்கும் தாராளம். பதினாறும் சேர்ந்தாலும் 4 யூனிட்தான், 5 எச்பி மோட்டார் ஒரு மணி நேரம்கூட ஓடாது. ஓடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நான்கு செல் பேக்குக்கு, சோலார் கன்ட்ரோலரில் ஈக்வலைஸை (ஈய அமில பேட்டரிக்கான கூடுதல் சார்ஜ்) அணைத்துவிட்டு, சார்ஜ் உச்சத்தை 14.2 வோல்ட்டில் வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் மூழ்கிய பேக் இந்தக் கணக்கில் சேராது. நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். காய்ந்தபின் சில நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம். உப்புத் தண்ணீர் வாளியில் போட்டு சார்ஜை இறக்கும் வித்தையும் வேண்டாம், அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்குத்தான் போகும். முனைகளுக்கு டேப் ஒட்டி, மணல் நிரப்பிய டிரம்மில் வெட்டவெளியில் வையுங்கள். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.