‘2’ எப்படி ‘3’ ஆனது?

சம்மன் வந்தபோது நான் அந்த ஊரிலேயே இல்லை. மாற்றலாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பழைய ஆஸ்பத்திரி கிளார்க் அண்ணன் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “டாக்டரம்மா, கோர்ட்டுல கூப்பிடுறாங்க, வராம இருந்துடாதீங்க” என்று எழுதியிருந்தார். 2018-இல் நடந்த அடிதடி, 2022-இல் சாட்சி. குற்றம் செய்தவள் நானே என்பது போல வயிற்றைப் பிசைந்தது.

சீனியர் ஒருவரிடம் கேட்டேன். “போகலைன்னா அடுத்தது பிடியாணை வரும். வார்டு வாசல்ல போலீஸ் வந்து நிக்கும். பேசாம போயிட்டு வா. ஆனா வெறுங்கையோட போகாதே, ஏ.ஆர். புத்தகத்தைப் பார்த்துட்டுப் போ” என்றார். அந்தக் கடைசி வரிக்கு அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஏ.ஆர். என்றால் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். அடிபட்டு, வெட்டுப்பட்டு, விஷம் குடித்து யார் வந்தாலும் கேஷுவாலிட்டி டூட்டி டாக்டர் அதில் எழுத வேண்டும். எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டி வந்தது, நினைவோடு இருந்தாரா, அடையாளத்துக்கு இரண்டு மச்சம், என்ன நடந்ததாகச் சொல்கிறார், என்னென்ன காயம். கார்பன் வைத்து எழுதி ஒரு பிரதியைப் போலீசுக்குக் கொடுப்போம். ராத்திரி டூட்டியில் இது இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தைத்தான் நான்கு வருடம் கழித்து ஒரு வக்கீல் வரி வரியாகப் படிப்பார் என்று எனக்குப் படிக்கும்போது யாரும் உறைக்கிற மாதிரி சொல்லவில்லை.

முந்தின நாளே போய்விட்டேன். ரெக்கார்டு ரூமில் தூசி தட்டிப் புத்தகத்தை எடுத்தார் கிளார்க் அண்ணன். என் கையெழுத்துதான், ஆனால் அந்த நோயாளியின் முகம் துளிகூட நினைவுக்கு வரவில்லை. தலையின் இடது பக்கம் 4 x 1 செ.மீ. கிழிந்த காயம், எலும்பு வரை ஆழம். இடது முன்கையில் வீக்கம். முதலில் போன தனியார் கிளினிக்கில் “எம்.எல்.சி. கேஸ் (போலீஸ், கோர்ட் வரை போகக்கூடிய கேஸ்), ஜி.எச்.சுக்குப் போங்க” என்று திருப்பி அனுப்பியதையும் குறித்திருந்தேன். இது இன்னும் நடக்கிறது. முதலில் உயிரைக் காப்பாற்று, சட்ட நடைமுறை அப்புறம். அரசு, தனியார் எல்லா டாக்டருக்கும் இதுதான் கடமை என்று உச்ச நீதிமன்றம் பர்மானந்த் கட்டாரா வழக்கில் சொன்னது 1989-இல்.

அப்புறம்தான் அதைப் பார்த்தேன். ‘தெரிந்த 3 நபர்கள் கட்டையால் தாக்கியதாகச் சொல்கிறார்’ என்ற வரியில் அந்த 3-க்கு அடியில் ஒரு 2. மேலேயே எழுதித் திருத்தியிருக்கிறேன். பக்கத்தில் சுருக்கொப்பம்கூட இல்லை. எழுதும்போதே நோயாளி மாற்றிச் சொன்னாரா, எனக்குக் கை தவறியதா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. இரவெல்லாம் அந்த 3 கண்ணுக்குள்ளேயே நின்றது. பெரிய டாக்டரிடம் அனுமதிக் கடிதம் வாங்கிப் புத்தகத்தையும் கூடவே எடுத்துக்கொண்டேன்.

கோர்ட்டில் காலை பத்தரைக்கே போய் உட்கார்ந்தாலும் டவாலி என் பெயரைக் கூப்பிட்டபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. சத்தியப் பிரமாணம். அரசு வழக்கறிஞர் கேட்டதெல்லாம் சுலபம். காயங்களைச் சொன்னேன். எக்ஸ்ரேயில் முன்கையின் அல்னா எலும்பு முறிந்திருந்ததால் கொடுங்காயம் என்று சான்று கொடுத்ததாகச் சொன்னேன். இந்த ஒரு வார்த்தையின் கனம் அங்கேதான் புரிந்தது. இ.பி.கோ.வில் சாதாரண காயம் என்றால் 323, ஒரு வருடம் வரை. கொடுங்காயம் என்றால் 325, ஏழு வருடம் வரை. (2024 ஜூலை 1 முதல் நடக்கும் சம்பவங்களுக்கு இ.பி.கோ.வுக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. பிரிவு எண்கள் மாறிவிட்டன, கொடுங்காயம் என்று சொல்ல, கடும் வலியால் அன்றாட வேலை செய்ய முடியாமல் இருக்க வேண்டிய நாள் கணக்கும் 20-லிருந்து 15 ஆகிவிட்டது. எலும்பு முறிவு மட்டும் அன்றும் இன்றும் கொடுங்காயம்தான்.)

குறுக்கு விசாரணைக்கு என்று ஒரு தனித் தமிழ் இருக்கிறது. “கீழே விழுந்தாலும் இந்தக் காயம் ஏற்படும் என்றால் சரிதானா?” அடியைக் கையைத் தூக்கித் தடுக்கும்போது அல்னா முறிவது சகஜம் என்று பாடமே எடுக்க வாய் துடித்தது. ஆனால் விழுந்தும் முறியலாம், அதுவும் உண்மைதானே? “சரிதான். கட்டையால் அடித்தாலும் ஏற்படும்” என்றேன்.

“எக்ஸ்ரே படத்தையோ ரேடியாலஜிஸ்ட் அறிக்கையையோ சான்றுடன் இணைக்கவில்லை என்றால் சரிதானா?” சரிதான். எக்ஸ்ரே எண்ணை மட்டும் எழுதியிருந்தேன். அந்த நேரம் எனக்குக் காது சூடானது. சொல்லப்போனால் மொத்த வழக்கிலும் என் பக்கத்துப் பெரிய ஓட்டை இதுதான்; திருத்தத்தைவிட.

கடைசியாகத் திருத்தத்துக்கு வந்தார். போலீஸ் சொல்லி, மூன்றாவது எதிரியை (குற்றம் சாட்டப்பட்டவரை) சேர்ப்பதற்காகப் பிறகு திருத்திக் கொடுத்தேன் என்றால் சரிதானா?

“சரியல்ல. திருத்தியது நான்தான். ஏன் என்று இப்போது நினைவில்லை. ஆனால் புத்தகம் என்னிடம் இருக்கிறது.”

நீதிபதி கையை நீட்டினார். புத்தகத்தில் இருந்ததையும் போலீஸ் வழக்குக் கட்டில் இருந்த கார்பன் பிரதியையும் அக்கம்பக்கமாக வைத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். கார்பனிலும் நீல நிறத்தில் அதே 2, அதன் மேல் அதே 3, அதே சறுக்கல். தாளைப் பிரிப்பதற்கு முன்பே, கார்பன் அடியில் இருக்கும்போதே திருத்தியிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி ஏதோ பதியச் சொன்னார். வக்கீலும் அதற்கு மேல் கேட்கவில்லை.

வந்து போனதற்கான சான்றை வாங்கிக்கொள்ளுங்கள், டூட்டிக் கணக்கில் சேர்க்க அது வேண்டும். நான் பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்து வாங்கினேன்.

இப்போதெல்லாம் தவறாக எழுதிவிட்டால் படிக்கிற மாதிரி ஒரே கோடு, பக்கத்தில் சரியானது, சுருக்கொப்பம், நேரம். எக்ஸ்ரே அறிக்கை கைக்கு வராமல் காயச் சான்றில் கருத்து எழுதுவதில்லை. போன மாதம்கூட ஒருவருடைய மாமா, “அவன் பேரையும் சேர்த்து எழுதுங்கம்மா” என்று கெஞ்சினார். யார் அடித்தது என்பதைப் போலீஸ் விசாரிக்கும், அடிபட்டவர் சொன்னதையும் நான் பார்த்ததையும்தான் எழுதுவேன் என்றேன். கோபித்துக்கொண்டு போனார்.

சாட்சி சொன்ன அன்று சாயங்காலமே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கிளார்க் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்து, கேஸ் எப்படிப் போனது என்று கதை கேட்டார். கேட்டுக்கொண்டே எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாக எண்ணி முடித்த பிறகுதான் ரிஜிஸ்டரில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்.