விண்டோஸ் 10-இலிருந்து லினக்ஸ் மின்ட்: நிறுவும் முன்பும் முதல் வாரத்திலும்

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. 6, 7-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்கள் பெரும்பாலும் விண்டோஸ் 11-இன் பட்டியலில் இல்லை. சிலவற்றில் அது கேட்கும் பாதுகாப்புச் சில்லான டிபிஎம் 2.0 இருந்தும் பிராசஸர் தகுதி பெறவில்லை. 8 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி என்று நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும் இப்படிப்பட்ட மெஷின்களில்தான் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தை, சினமன் பதிப்பில், போட்டிருக்கிறோம். 4 ஜிபி ராம் மட்டும் இருந்தால் இன்னும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறுவும் வேலை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நேரம் பிடிப்பது அதற்கு முன்னும் பின்னும்தான். "லினக்ஸ் சரிவரவில்லை" என்று வரும் புகார்களைக் கிளறிப் பார்த்தால், பாதிக்கு மேல் விண்டோஸில் அணைக்காமல் விட்ட ஏதோ ஒன்றில் போய் முடியும்.

முதலில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது இயங்கும்போது ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பாதி உறக்கத்தில் டிஸ்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த நிலையில் மின்டிலிருந்து டி டிரைவைத் திறந்தால் படிக்கலாம், எழுத முடியாது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தைத் திறங்கள். அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பெட்டி சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். அதே பக்கத்தின் மேலே இருக்கும் சின்ன இணைப்பை அழுத்தினால்தான் டிக்கை எடுக்க முடியும். பெரிய அப்டேட் வந்த பிறகு இதை ஒருமுறை திரும்பப் பாருங்கள். டிக் தானாகத் திரும்பியிருக்கக்கூடும்.

அடுத்தது பிட்லாக்கர், டிஸ்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. ஹோம் பதிப்பிலும் சில லேப்டாப்கள் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் இதோடேதான் வருகின்றன, உரிமையாளருக்கே தெரிந்திருக்காது. செக்யூர் பூட்டையோ (கையொப்பமில்லாத மென்பொருளோடு கணினி எழுவதைத் தடுக்கும் காவல்) பூட் வரிசையையோ மாற்றியதும் 48 இலக்க ரிகவரி கீ கேட்டு நிற்கும். அந்த எண் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்கூட்டியே தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது என்கிரிப்ஷனையே அணைத்துவிட்டு டிஸ்க் முழுதும் பிரியும்வரை காத்திருங்கள். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஆகும்.

மின்டுக்கு இடம் ஒதுக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்வது நல்லது. 20 ஜிபி குறைந்தபட்சம் என்பார்கள். 60-க்குக் குறையாமல் கொடுங்கள், 100 இருந்தால் நிம்மதி. சி டிரைவில் 150 ஜிபி காலியாக இருந்தும் 20 ஜிபிதான் சுருக்கலாம் என்று அது சொன்னால், நகர்த்த முடியாத ஃபைல் ஏதோ நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் மூன்றையும் தற்காலிகமாக அணைத்து ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள். படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்குக்கு நகலெடுப்பதை இதற்கெல்லாம் முன்பே முடித்துவிடுங்கள்.

மின்டை நிறுவ இறக்கும் ஐஎஸ்ஓ ஃபைல் கிட்டத்தட்ட 3 ஜிபி. இறக்கியதும் எஸ்எச்ஏ256 கணக்கை (ஃபைல் கெடாமல் வந்ததா என்று காட்டும் எண்) சரிபாருங்கள். பாதியில் கெட்ட இறக்கம் நிறுவலின் நடுவில்தான் தன் வேலையைக் காட்டும். 4 ஜிபி பென்டிரைவ் போதும், ரூஃபஸ் அல்லது எட்ச்சர் கொண்டு எழுதலாம். பூட் மெனுவுக்கு டெல், லெனோவோவில் பொதுவாக எஃப்12, எச்பியில் எஃப்9. ஏசரில் எஃப்12 வேலை செய்ய, பல மாடல்களில் பயாஸுக்குள் (விண்டோஸ் எழும் முன் வரும் அமைப்புத் திரை) போய் அதை முதலில் இயக்க வேண்டும்.

பென்டிரைவிலிருந்து ஓடும் லைவ் திரை வந்ததும் இன்ஸ்டால் ஐகானை அழுத்திவிடாதீர்கள். வைஃபை, சத்தம், கேமரா, புளூடூத், வெளிச்சம் கூட்டும் விசைகள், மூடி திறந்தால் எழுகிறதா என்பது, எல்லாவற்றையும் இங்கேயே பாருங்கள். வேகத்தை மட்டும் இதை வைத்து எடைபோட வேண்டாம், பென்டிரைவ் வேகம்தான் அது. பிராட்காம் வைஃபை சில்லு இருந்தால் நெட்வொர்க் பட்டியல் காலியாக வரலாம். போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டால் நெட் வந்துவிடும், டிரைவரைப் பிறகு டிரைவர் மேனேஜரில் எடுத்துக்கொள்ளலாம்.

இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டியே தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். பயாஸில் சாட்டா மோடு, அதாவது டிஸ்கோடு பேசும் முறை, ரெய்டு அல்லது இன்டெல் ஆர்எஸ்டியில் இருக்கும், ஏஎச்சிஐக்கு மாற்ற வேண்டும். ஆனால் சட்டென்று மாற்றினால் அடுத்த முறை விண்டோஸ் நீலத் திரையில் விழும். விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) திறந்து, பூட் பகுதியில் சேஃப் பூட்டை டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போதே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ ஆக்குங்கள். சேஃப் மோடில் ஒருமுறை எழுந்ததும் விண்டோஸ் புது டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் டிக்கை எடுத்துவிடலாம்.

இன்ஸ்டாலரில் விண்டோஸோடு சேர்த்து நிறுவும் வாய்ப்பையும், மல்டிமீடியா கோடெக்கையும் தேர்ந்தெடுங்கள். கீபோர்டாக ஆங்கிலத்தையே வையுங்கள், இல்லாவிட்டால் பாஸ்வேர்டு அடிப்பதிலேயே குழப்பம் வரும். ரூபாய்க் குறியோடு கூடிய இந்திய ஆங்கில அமைப்பை எடுத்தால் வலது ஆல்ட்டும் 4-உம் சேர்த்து அழுத்த ₹ விழும்.

என்விடியா கார்டு உள்ளவர்கள் ஒரு நீலத் திரையைத் தவறவிடுகிறார்கள். செக்யூர் பூட் இயங்கும் நிலையில் டிரைவரைப் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆனதும் எம்ஓகே மேனேஜ்மென்ட் என்ற திரை சில நொடிகள் மட்டுமே நிற்கும். அதற்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டி, என்ரோல் எம்ஓகே கொடுத்து, அந்த பாஸ்வேர்டை அடிக்க வேண்டும். கண்டுகொள்ளாமல் விட்டால் டிரைவர் இருந்தும் ஏறாது.

இனி தமிழ். பெரும்பாலானோர் சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டுக்குப் போய், லேஅவுட் பட்டியலில் தமிழ்நெட் 99-ஐப் பார்த்ததும் சேர்த்துவிடுகிறார்கள். எழுத்து வரும், தமிழ்99-இன் சுகம் வராது. அந்தப் பட்டியலில் இருப்பவை ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் மட்டும் ஓடுபவை. முந்தைய எழுத்து என்ன என்பது அவற்றுக்குத் தெரியாது. தமிழ்99-இல் அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டில் 'அம்மா' விழ வேண்டும். புள்ளி தானாக வைக்க வேண்டும், ஆ தானாகத் துணைக்கால் ஆக வேண்டும். அதற்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் தேவை. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) தொகுப்பை நிறுவி, இன்புட் மெத்தட் பக்கத்தில் ஐபஸைத் தேர்ந்து, லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். ஐபஸ் ப்ரிஃபரன்ஸஸில் தமிழைச் சேர்க்கும்போது தமிழ்99, ஃபொனடிக், இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர் எல்லாம் வரிசையாக வரும். இலங்கையில் பழகியவர்களுக்கு ரெங்கநாதன் அமைப்பும் உண்டு. லாக் அவுட் செய்யாமல், ஐகான் வரவில்லையே என்று தேடுகிறவர்கள்தான் அதிகம்.

லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் எழுத்துருவை மாற்றினாலும் தமிழ் அப்படியே நிற்கிறதா? தமிழை அது சிக்கலான எழுத்து வகையில் சேர்த்திருக்கிறது. அந்த வகைக்கு எழுத்துருவும் அளவும் தனி. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மொழிகள் பகுதியில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை டிக் செய்தால் அதற்கான இடங்கள் ஸ்டைலில் தெரியத் தொடங்கும். விண்டோஸின் லதா எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு நோட்டோ சான்ஸ் தமிழுக்கோ லோஹித்துக்கோ மாறி, வரிகள் உடைந்து பக்கம் கூடும். அச்சுக்குப் போகும் கோப்பைப் பழைய மெஷினிலேயே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக் கோப்புகள் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அந்த எழுத்துருவின் டிடிஎஃப் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்து நிறுவினால் சரியாகிவிடும்.

பிரின்டர் விஷயத்தில் வயர்லெஸ் வசதியுள்ள புது மாடல்கள் பெரும்பாலும் தானாகவே வந்து உட்காரும். எச்பி லேசர்ஜெட் 1020-க்கு எச்பியின் லினக்ஸ் டிரைவர் தொகுப்பான எச்பிலிப் வழியாகக் கூடுதல் பிளகின் இறக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பட்டியலில் பிரின்டர் தெரியும், தாள் நகராது. கேனான் எல்பிபி 2900-க்கு அந்நிறுவனத்தின் கேப்ட் டிரைவரைத் தனியே போட்டு அமைக்க வேண்டும், பொறுமை தேவைப்படும் வேலை.

சின்னச் சின்னத் திடுக்கிடல்களும் இருக்கின்றன. மவுஸின் நடுச் சக்கரத்தை அழுத்தினால், கடைசியாகத் தேர்ந்தெடுத்திருந்த எழுத்து கர்சர் இருக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆட்டோ லாகின் வைத்தால், குரோமைத் திறக்கும்போது கீரிங் (சேமித்த பாஸ்வேர்டுகளின் பூட்டு) பாஸ்வேர்டு கேட்கும். வைரஸ் அல்ல, லாகினில் தர வேண்டியதை இங்கே கேட்கிறது. மின்டுக்குப் போய்விட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, லினக்ஸ் யுடிசியாக (உலகப் பொது நேரம்) எழுதுகிறது. மின்டின் டெர்மினலில் timedatectl set-local-rtc 1 என்ற கட்டளையைக் கொடுத்தால் தகராறு தீரும்.

முதல் நாளே, சிஸ்டத்தின் நிலையைச் சேமித்துவைக்கும் டைம்ஷிஃப்ட்டை அமைத்துவிடுங்கள். ஏதாவது அப்டேட் சொதப்பினால் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம். சேமிக்கும் இடம் எக்ஸ்ட்4 போன்ற லினக்ஸ் வடிவில் இருக்க வேண்டும், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிரைவை ஏற்காது. இது சிஸ்டத்துக்கான காப்பு மட்டுமே. உங்கள் படங்களும் ஆவணங்களும் இதில் சேராது.

டேலி, ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கரில் கிடக்கும் பழைய மலர் வேலை, இவற்றில் எது இருந்தாலும் விண்டோஸை விட்டுவையுங்கள். இல்லாதவர்கள் ஒரு மாதம் பார்த்துவிட்டு அந்தப் பார்ட்டிஷனை அழிக்கலாம். அழிக்கும்போது பக்கத்திலேயே 100 எம்பி அளவில் ஒரு ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் தெரியும். விண்டோஸ் உருவாக்கியதுதான், ஆனால் மின்டை எழுப்பும் பூட்லோடரும் அதற்குள்தான் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள்.