கை இன்னும் வந்து சேரவில்லை

இந்த நாட்டுக்கு வந்து இன்றோடு பதினோரு நாள். குளியலறை சுவிட்ச் கதவுக்கு உள்பக்கம் இருக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும், யாராவது கேட்டால் இடம் சுட்டிக் காட்டுவேன். ஆனால் ராத்திரி எழுந்து போனால் கை வெளிச்சுவரைத்தான் தடவுகிறது. ஒருவழியாக உள்ளே கண்டுபிடித்தாலும் கீழ்நோக்கித் தட்டுகிறது. இங்கே மேலே தள்ளினால்தான் விளக்கு எரியும். தினமும் இருட்டில் நின்றுகொண்டு ஒரு சுவிட்சிடம் தோற்றுப் போகிறேன்.

புறப்படும் முன்பு ஆளாளுக்கு எச்சரித்தார்கள். குளிர், மொழி, தனிமை என்று பெரிய பெரிய விஷயங்களாகச் சொன்னார்கள், நானும் அவற்றுக்கெல்லாம் மனதளவில் தயாராகித்தான் வந்தேன். சுவிட்சைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பூட்டில் சாவியை எந்தப் பக்கம் எத்தனை முறை திருப்புவது, குழாயில் சுடுதண்ணீர் எந்தப் பக்கம், கடைக் கதவை இழுப்பதா தள்ளுவதா, லிஃப்டில் தரைத்தளத்துக்கு எந்த எண் (இங்கே அதுதான் ஒன்று, நான் இரண்டு நாள் பக்கத்துத் தளத்து வீட்டுக் கதவில் சாவியைப் போட்டுக் குடைந்துகொண்டிருந்தேன், உள்ளே ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ). இவை எல்லாம் ஊரில் கை தானாகச் செய்துகொண்டிருந்த வேலைகள். இப்போது ஒவ்வொன்றுக்கும் மூளை வர வேண்டியிருக்கிறது. முதல் நாள் ஒரு சோப்பும் ஒரு சிம் கார்டும் வாங்கினேன், அவ்வளவுதான், சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் மூட்டை தூக்கியவன் மாதிரி படுக்கையில் விழுந்துவிட்டேன்.

விழுந்தேனே தவிர தூங்கவில்லை. இதற்கு ஒரு காரணம் இருக்கிறதாம். புது இடத்தில் முதல் ராத்திரி மூளையின் ஒரு பாதி மட்டும் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகாமல் காவல் காக்கிறது என்று 2016-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். அவர்கள் பார்த்தவர்களில் அது இடது பாதி. தூங்குபவரின் காதில் வழக்கமில்லாத சத்தம் விழுந்தால் அந்தப் பாதிதான் சட்டென்று உசாராகியிருக்கிறது. எனக்கு அன்று ராத்திரி ஹீட்டர் குழாயில் ஏதோ டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது, பாதி மூளை இல்லை, முழு மூளையும் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

அடுத்து நேர வித்தியாசம். நம் உடம்புக்குள் ஓடும் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், ஏறத்தாழ 24 மணி 11 நிமிடம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால் நாளை நீட்டுவது அதற்கு எளிது, சுருக்குவது கஷ்டம். மேற்கே பறந்தால் நாள் நீள்கிறது, கிழக்கே பறந்தால் குறைகிறது, கிழக்குப் பயணம் அதிகம் படுத்துவது இதனால்தான். நேர வித்தியாசத்தின் ஒவ்வொரு மணிக்கும் உடம்பு பழகச் சுமார் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஓரளவு சரியாக வருகிறது. என் விஷயத்தில் பத்து நாளுக்கு மேல். மருந்து என்று பார்த்தால் பகல் வெளிச்சம்தான், அதை மட்டும் விடாமல் செய்தேன்: எவ்வளவு தூக்கம் வந்தாலும் பகலில் வெளியே போய் நடந்தேன். முதல் மூன்று நாள் அது நடை என்று சொல்ல முடியாது, தள்ளாட்டம்.

அம்மா தினமும் அழைக்கிறாள். "தூங்கினியா?" என்பதுதான் முதல் கேள்வி. தூங்கினேன் என்று சொன்னால் "அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?" என்று அடுத்தது. வீடியோவில் பொய் சொல்வது கஷ்டம்.

வீட்டுச் சாமான் விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஊரிலிருந்து இஸ்திரிப் பெட்டி தூக்கி வந்தேன். அடாப்டர் வாங்கியிருக்கிறோமே, அப்புறம் என்ன என்று நினைப்பு. அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. 230 வோல்ட்டுக்குச் செய்த பெட்டியை 120 வோல்ட்டில் மாட்டினேன். பாதி அழுத்தம் என்றால் பாதிச் சூடாவது வரும் என்று நினைப்போம், இல்லை, ஏறத்தாழ கால்வாசிதான் வரும். பூனை படுத்து எழுந்த இடம் மாதிரி இளஞ்சூடாக இருந்தது, சட்டை சுருக்கத்தோடே வேலைக்குப் போனது. நல்லவேளை, திசை இதுவாகப் போயிற்று. 120-க்குச் செய்ததை 230-இல் மாட்டியிருந்தால் புகை வந்திருக்கும். மடிக்கணினி, கைப்பேசி சார்ஜர்களில் 100–240 என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அவை எங்கேயும் ஓடும். சூடாக்குகிற, சுழல்கிற சாமான்களில் பெரும்பாலும் அது இருக்காது. பெட்டி கட்டும் முன்பு அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள், இரண்டு கிலோ மிச்சம்.

இரண்டாவது, துணி துவைக்க வாங்கியது. நீல நிறக் குப்பி, பூப்படம், நல்ல வாசனை. ஒரு வாரம் துணிகளை அதில்தான் துவைத்தேன். ஏழாம் நாள் லேபிளை மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டிப் பார்த்தால், அது துணியை மிருதுவாக்கும் திரவமாம், அழுக்கை எடுக்கவே எடுக்காதாம். ஒரு வாரமாக அழுக்குத் துணியை மிருதுவாக உடுத்திக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

சரி, காகித விஷயத்துக்கு வருகிறேன், உண்மையில் ஆளைத் தின்றது இதுதான். வங்கிக் கணக்கு திறக்க முகவரிச் சான்று வேண்டும். முகவரிச் சான்றுக்கு என் பெயரில் வாடகை ஒப்பந்தம் வேண்டும். வாடகைக்கு வீடு தர வங்கிக் கணக்கு வேண்டும். எந்த நாட்டுக்குப் போனவரைக் கேட்டாலும் இந்தச் சக்கரத்தின் ஏதோ ஒரு வடிவத்தைச் சொல்கிறார்கள், வரிசை மட்டும் மாறுகிறது. எங்கேயாவது ஒரு மெல்லிய இடம் இருக்கும், அதைத் தேடி அங்கே இடிக்க வேண்டும். எனக்கு அது வேலை கொடுத்த இடம் தலைப்புத்தாளில் எழுதித் தந்த ஒரு கடிதமாக அமைந்தது. இந்த ஆள் எங்களிடம் வேலை செய்கிறார், இந்த முகவரியில் தங்கியிருக்கிறார் என்று இரண்டே வரி. அதை வாங்க எனக்கு நாலு நாள் கழித்துத்தான் தோன்றியது. முதல் நாளே கேட்டிருக்கலாம்.

இதில் ஊர் எண்ணின் கதை தனி. இங்கே வந்ததும் புது சிம் போட்டுவிட்டுப் பழையதை ஒரு காகிதத்தில் மடித்து வைத்துவிட்டேன். முன்பணம் கட்ட ஊர் வங்கியில் இருந்து பணம் அனுப்பலாம் என்று உட்கார்ந்தால் ஓடிபி பழைய எண்ணுக்குப் போகிறது. பழைய சிம்மைப் போட்டால் ரோமிங் இயக்கத்தில் இல்லை. இயக்கலாம் என்று அந்த நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போனால், உள்ளே நுழைய ஒரு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. எந்த எண்ணுக்கு? அதே எண்ணுக்கு. ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். இதைப் படிப்பவர்கள் யாராவது கிளம்பப் போகிறீர்கள் என்றால் மற்ற அறிவுரை எதையும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, பழைய எண்ணில் ரோமிங்கை இயக்கிவிட்டு, அது வேலை செய்கிறது என்று உறுதி செய்துகொண்டு விமானம் ஏறுங்கள்.

அரசு அலுவலகம் ஒன்றில் நேரம் ஒதுக்கிக் கொடுத்த தாளில் 3/4 என்று இருந்தது. ஏப்ரல் 3-க்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறதே என்று நிம்மதியாகச் சுவரில் ஒட்டி வைத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஏதோ கொடுக்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் போறீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டார். இங்கே மாதம் முதலில், நாள் அடுத்து. மார்ச் 4. அன்று தேதி மார்ச் 3. அதிலிருந்து எங்கே தேதி எழுதினாலும் மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுகிறேன், கட்டம் போதாவிட்டாலும் நெருக்கி எழுதுகிறேன்.

மருந்துக்கடையில் ஒரு நாள் தொலைபேசி எண் கேட்டார்கள். யோசிக்காமல் மளமளவென்று ஒப்பித்தேன், ஊர் எண்ணை. அந்தப் பெண் விரலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள், இலக்கங்கள் அதிகமாக வந்திருக்கும் போல. நாட்டுக் குறியீட்டோடு சொல்லித் தொலைத்திருக்கிறேன். புது எண்ணைச் சொல்லக் கைப்பேசியை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. முகவரி கேட்டபோதும் அதே கதை. அன்றுதான் ஒரு பயம் வந்தது, ராத்திரி ஏதாவது ஆகி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் எங்கே வரச் சொல்வேன்? 112 என்பது பெரும்பாலான நாடுகளில் கைப்பேசியிலிருந்து அடித்தால் அந்த ஊர் அவசர எண்ணுக்குப் போய்ச் சேரும், அது தெரியும். போய்ச் சேர்ந்த பிறகு என் தெருப் பெயரை அவர்கள் காதில் விழும்படி உச்சரிக்க எனக்கு வராது. அன்று சாயங்காலம் கண்ணாடி முன் நின்று பிள்ளைகள் வாய்ப்பாடு படிப்பது போல முகவரியைப் பத்து முறை சொன்னேன். பெரியவரிடமும் சொல்லிக் காட்டினேன். ஓர் எழுத்தை அழுத்தச் சொன்னார்.

தூக்கம் வராத ராத்திரி ஒன்றில் இதையெல்லாம் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடியபோது கலேர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர் கிடைத்தார். 1954-இல் ரியோ டி ஜெனீரோவில் ஒரு பெண்கள் சங்கத்தில் 'கல்ச்சர் ஷாக்' பற்றிப் பேசியவர். அந்தப் பேச்சு 1960-இல் அச்சில் வந்த பிறகுதான் சொல் பரவலாகப் புழங்க ஆரம்பித்தது. அதிர்ச்சி என்றதும் நான் ஏதோ பெரிய மோதல் என்று நினைத்திருந்தேன். அவர் சொல்வது வேறு: எப்போது கை குலுக்குவது, எப்போது டிப்ஸ் கொடுப்பது, கடையில் எப்படிப் பொருள் கேட்பது என்று நாம் பிறந்ததிலிருந்து கவனிக்காமலே பின்பற்றி வந்த நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன அடையாளங்கள் ஒரே நேரத்தில் காணாமல் போவதால் வரும் பதற்றம்தான் அது. என் சுவிட்சுக்கு எழுபது வருஷம் முன்பே ஒருவர் விளக்கம் சொல்லி வைத்திருக்கிறார் என்று தெரிந்ததில் ஏனோ பெரிய ஆறுதல்.

இதே தேடலில் இன்னொன்று மாட்டியது. சுவீடன் 1967 செப்டம்பர் 3 அன்று விடியற்காலை 5 மணிக்கு நாடு முழுக்க இடப்பக்கப் போக்குவரத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. யாரும் எங்கும் குடிபெயரவில்லை, ஆனால் ஒரு நாடே அன்று காலை தன் சொந்தத் தெருவில் புதிதாக வந்தவர் போல நின்றது. வேடிக்கை என்னவென்றால் மாறியதும் விபத்து கொஞ்ச காலம் குறைந்தது. எல்லோரும் அவ்வளவு பயந்து பார்த்துப் பார்த்து ஓட்டியிருக்கிறார்கள். பழகிய பிறகு பழையபடி கூடிவிட்டது. நான் இப்போது தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் இரண்டிரண்டு முறை பார்க்கிறேன், பார்க்கிறவர்களுக்கு ஏதோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்றுதான் தோன்றும்.

வந்த முதல் வாரமே ஊர் முழுக்கச் சுற்றிப் பார், புதுப்புது இடமாகப் போ என்று அலுவலகத்தில் ஒருவர் ஆர்வமாகச் சொன்னார். நல்ல மனிதர், ஆனால் அந்த யோசனை எனக்கு ஒத்துவரவில்லை. நான் நேர் எதிராகச் செய்தேன். ஒரே கடை, ஒரே தெரு, ஒரே பேருந்து, காலையில் ஒரே பெஞ்சு. கடையில் கூட இரண்டு வரிசை அலமாரிகளுக்கு மேல் போகவில்லை. ஏழெட்டு நாள் இப்படி இருந்ததில், நேற்று முன்தினம் கல்லாவில் இருந்த அம்மாள் நான் வாய் திறக்கும் முன்பே பை வேண்டாம்தானே என்று கையாலேயே கேட்டார். நானும் கையாலேயே வேண்டாம் என்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு வரும் வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பாக இருந்தது, எதையோ சாதித்துவிட்ட மாதிரி.

நேற்றுக் காலை பேருந்துக்குப் போகும் வழியில் பெட்டி உருட்டிக்கொண்டு வந்த ஓர் இளைஞர் என்னை நிறுத்தி, ரயில் நிலையத்துக்குப் பேருந்து எங்கே ஏறுவது என்று கேட்டார். என்னிடம்! எனக்கு வந்த பெருமையை என்னவென்று சொல்ல. எண் சொன்னேன், எத்தனை நிறுத்தம் என்று சொன்னேன், எதிரே இருக்கும் நிறுத்தத்தில் நில்லுங்கள் என்று கையை நீட்டிக் காட்டினேன். அவர் நன்றி சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போனார், பேருந்தும் உடனே வந்தது, பெட்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஏறினார். அது கிளம்பி ரயில் நிலையத்துக்கு நேர் எதிர்த்திசையில் போனபோதுதான் எனக்கு உறைத்தது. இங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும், ரயில் நிலையத்துக்குப் போகும் பேருந்து நான் நின்றுகொண்டிருந்த பக்கமே வரும். பத்து நாளாக அதில்தான் நானே ஏறிக்கொண்டிருக்கிறேன். நீட்டிய கையை இன்னும் இறக்கவில்லை.