கத்திரி வெயிலில் சென்னையிலேயே

மே 11, ஞாயிறு

இந்தக் கோடை விடுமுறைக்குச் சென்னையை விட்டு எங்கும் போவதில்லை என்று வீட்டில் பேசி முடித்தாகிவிட்டது. ஊட்டி, கொடைக்கானல் என்றால் இ-பாஸ், அறை வாடகை, மலைப்பாதை நெரிசல். எல்லாவற்றுக்கும் மேலாக, மாமனாருக்கு முழங்கால் தேய்மானம். மணிக்கணக்காக வண்டியில் உட்கார முடியாது. அவரைத் தனியே விட்டுவிட்டு நாங்கள் போவதில் எனக்கு மனமில்லை. நானும் கணவரும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டோம்.

"கத்திரி வெயில்ல அங்கேயேவா இருக்கப் போற?" என்று தங்கை போனில் கேட்டாள். இந்த ஊர்க் கோடையின் போக்கு தெரிந்தால் தாராளமாக இருக்கலாம். தரை சூடேறி மேலே காற்று கிளம்பியதும் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். சில நாள் உச்சிப்பொழுதுக்கே வந்துவிடும். மேற்குக் காற்று பலமாக அடித்தால் அதை நுழையவிடாது. அன்றுதான் 40 டிகிரியைத் தாண்டும். 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 வரை போனது.

ஆகவே காலை பத்துக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும்தான் தெரு. நடுவில் ஏதாவது ஒரு கூரைக்கு அடியில் இருக்க வேண்டும்.

மே 13, செவ்வாய்

பெரம்பூரிலிருந்து பேருந்தில் எழும்பூர் அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் இன்றே வந்தோம். மகளுக்கு அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பங்களில் கூட்டம் கூட்டமாகச் செதுக்கியிருக்கும் மனிதர்களைப் பார்க்கத்தான் ஆசை. மாமனார் வெண்கலப் படிமக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. "தூக்கின கால விடு பாப்பா, ஊன்றின காலப் பாரு. மொத்த பாரமும் அதுலதான்" என்று பேத்திக்குக் காட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் வலிக்காரர் கண்ணுக்குத்தான் அது முதலில் படும் போலிருக்கிறது.

அதே வளாகத்தில் கன்னிமாரா நூலகம். 1896-இல் திறந்தது. இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. மாமனார் இளவயதில் வேலைக்கான தேர்வுக்குப் படித்தது இங்கேதான். இன்றும் மேசை மேசையாக டிஎன்பிஎஸ்சி எழுதப்போகும் பிள்ளைகள். ஒரு பெண் தூக்குவாளியில் தயிர்சாதம் கொண்டுவந்து, வெளியே மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு மறுபடி போய் உட்கார்ந்தாள். தகரக் கூரை வீட்டில் மே மாதப் பகல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் வளர்ந்தது அப்படி ஒரு வீட்டில். அந்தப் பெண்ணுக்குப் படிப்பும் நிழலும் இங்கே சேர்ந்தே கிடைக்கின்றன. பணம் கேட்காமல், ஏன் வந்தாய் என்று கேட்காமல், நாள் முழுக்க உட்கார விடுகிற இடம் இந்த ஊரில் வேறு எத்தனை இருக்கிறது? வார்டுக்கு வார்டு இப்படி ஒரு படிப்பறை, மின்விசிறியோடும் குடிதண்ணீரோடும் வேண்டும். கோடையில் நகரம் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான் என்று நினைக்கிறேன்.

மே 14, புதன்

கடற்காற்று வரவே இல்லை. ஜன்னலைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்துக் கிடந்தோம். நுங்கு, பானகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன் இனப்பெருக்கத்துக்காக. அதனால் வஞ்சிரம் விலையைக் கேட்டதோடு சரி. தடையில்லாத சின்ன ஃபைபர் படகில் வந்த நெத்திலி வாங்கிக் குழம்பு வைத்தேன்.

மே 15, வியாழன்

மெரினா எதிரே விவேகானந்தர் இல்லம். சென்னைக்காரர்களுக்கு அந்த வட்டாரமே ஐஸ் ஹவுஸ்தான். 1842-இல் அமெரிக்காவின் டியூடர் கம்பெனி பனிக்கட்டி சேமிக்கக் கட்டியது. குளிர்காலத்தில் மாசசூசெட்ஸ் ஏரிகள் உறைந்ததும் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றுவார்கள். மாதக்கணக்கில் கடலில் கிடந்து, கரைந்தது போக மீதி இங்கே வந்து இறங்கும். இயந்திரத்தில் ஐஸ் செய்யக் கற்றுக்கொண்ட பிறகு அந்த வியாபாரம் படுத்துவிட்டது. 1897-இல் மேலைநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய விவேகானந்தர் இங்கே தங்கினார். மகளுக்கு அவரைவிடப் பனிக்கட்டி மேல்தான் கேள்வி. "அதை யார் வாங்கினாங்க தாத்தா?" "துரைமார்தான். நம்மாளுக்கு அப்பவும் மண்பானைத் தண்ணி."

வெயில் தாழ்ந்ததும் சாலையைக் கடந்தோம். மாற்றுத்திறனாளிகளுக்காக 2022-இல் மணல் மேல் போட்ட மரப்பாதை இந்த இல்லத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. அந்த டிசம்பரில் மாண்டஸ் புயல் பெயர்த்துப் போட்டது, மறுபடி சரிசெய்தார்கள். மணலில் கால் புதையும் என்று மாமனார் கடற்கரைக்கு வருவதையே நிறுத்தியிருந்தார். இன்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதை முடியும் இடம் வரை வந்துவிட்டார். சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி, ஊன்றுகோலோடு ஒரு இளைஞர், எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நின்றார்கள். காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. "ஏம்மா, நாளைக்கும் வரலாமா?" என்றார். கடற்கரைக்குக் கடற்கரை இப்படி ஒன்று போட்டால் எத்தனை வயசாளிகள் வீட்டை விட்டு வெளியே வருவார்கள்!

மே 16, வெள்ளி

மறுபடி மெரினாதான். மாங்காய் பத்தை, சுண்டல், எட்டு மணிக்கு வீடு.

மே 17, சனி

காலை முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்துக் கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி வரை, தூண்களின் மேல் போட்ட பாதையில் ஓடும் பறக்கும் ரயில். மகளுக்கு ஜன்னல், எனக்குக் காற்று. பாதி வழி பக்கிங்காம் கால்வாய் கூடவே வருகிறது. ரயில் பாதையின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே இறக்கியிருப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. பெருங்குடி தாண்டும்போது மாமனார் பள்ளிக்கரணை இருக்கும் பக்கம் கை நீட்டினார். 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவித்த சதுப்பு நிலம். மழைநீரைத் தாங்கிக்கொள்ளும் அந்தப் பள்ளத்தைச் சுற்றி எவ்வளவு கட்டடம்.

மகள் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்குப் போகவேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். பள்ளி திறப்பதற்குள் ஒரு நாள் கோட்டூர்புரம் போகிறோம். தாத்தாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், லிப்ட் உண்டு என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு.