பேச வந்தவர் பையிலிருந்து எடுத்த கால்

போன மாதம் ஈப்போவில் நடந்த பொறியியல், வடிவமைப்பு மாநாட்டுக்குப் போயிருந்தேன். சிறப்புப் பேச்சாளர்கள் மூன்று பேர். மின்சாரக் கார்களைப் பற்றிப் பேசியவர் எதிர்காலம், கனவு, தன்னம்பிக்கை என்று நன்றாகவே பேசினார். ஆனால் வீட்டில் வந்து எடுத்துச் சொல்ல எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மற்ற இருவரும் அப்படியில்லை.

ஒருவர், செயற்கைக் கால் செய்யும் பெண்மணி. திரையில் எதையும் போடவில்லை. பையிலிருந்து ஒரு பாதத்தை எடுத்து முன்வரிசையில் கொடுத்து, கைமாற்றிக்கொண்டே போகச் சொன்னார். ஜெய்ப்பூர் கால். என்னிடம் வந்ததும் முதலில் தெரிந்தது ரப்பர் வாசனை. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்த வாசனையில் வளர்ந்தவள் நான். விரல்கள் தனித்தனியாக இருந்தன, நகம் கூட உண்டு. கட்டைவிரலால் அழுத்தினால் முன்பாதம் வளைந்து கொடுத்தது. கணுக்கால் பக்கவாட்டிலும் அசைந்தது. உள்ளே ஸ்பாஞ்ச் போன்ற ரப்பர் துண்டுகளும் ஒரு மரக்கட்டையும். சுற்றிலும் ரப்பர் போர்த்தி, அச்சில் வைத்து வேகவைத்து எடுக்கிறார்களாம்.

1968 வாக்கில் ஜெய்ப்பூர் மருத்துவமனையில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர் இதைச் செய்தார். பெரிய படிப்பு இல்லாதவர். அதுவரை கொடுத்த மேல்நாட்டுப் பாதம் விறைப்பானது, ஷூ போட்டால்தான் நடக்கலாம். வயலில் வெறுங்காலோடு இறங்க முடியாது, குந்த முடியாது, சம்மணம் போட முடியாது. சர்மா டயர் கடையில் ரப்பரைக் கொண்டு பாதம் வார்த்துப் பார்த்தார். எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தி கூடவே நின்று அதைச் சீர்படுத்தினார். 1981-ல் மக்சேசே விருது சேத்திக்குக் கிடைத்தது. சர்மாவின் பெயர் அவ்வளவாக வெளியே வரவில்லை என்று அந்தப் பெண்மணி அழுத்திச் சொன்னார். எனக்கும் அது உறுத்துகிறது. விபத்தில் ஒரு காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன் மறுபடி மேடையேறி ஆடியதும் இந்தக் காலோடுதான்.

என் சித்தப்பாவுக்கு இனிப்புநீரால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவருக்குக் கிடைத்தது ஷூ போட வேண்டிய விறைப்பான பாதம். அதனால் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா என்றால்கூட வெளியே நாற்காலி போட்டுத்தான் உட்கார்ந்திருப்பார். அவருக்கு வேண்டிய பாதத்தை ரப்பரிலேயே ஒருவர் செய்து வைத்திருந்தார். ஆயுள் முழுக்கப் பால் வெட்டிய மனிதருக்கு அது தெரியாமலே போய்விட்டது.

இன்னொருவர் ஓய்வு பெற்ற கட்டடப் பொறியாளர். நியூயார்க்கில் இருக்கும் 59 மாடி சிட்டிகார்ப் கோபுரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினார். அதன் தூண்கள் மூலைகளில் இல்லை, நான்கு பக்கங்களின் நடுவில் நிற்கின்றன. 1978-ல், கட்டி முடித்து ஆட்கள் வந்த பிறகு, ஒரு மாணவர் தூண்களைப் பற்றிக் கேட்கப்போய், அதன் கட்டமைப்பை வடிவமைத்த பொறியாளர் வில்லியம் லெமெஷர் கணக்கைத் திரும்பப் போட்டார். மூலைவாட்டில் அடிக்கும் காற்றுக்கு இணைப்புகள் தாங்காது என்று வந்தது. வெல்டிங் செய்ய வேண்டிய இடங்களில் போல்ட் போட்டிருந்தார்கள். அவரே போய் உரிமையாளர்களிடம் சொன்னார். இரவு இரவாக இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்து முடித்தார்கள். வெளியுலகத்துக்கு 1995-ல்தான் தெரிந்தது. அங்கே வேலை செய்தவர்களுக்குச் சொல்லாமல் மறைத்தது தப்பு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் ஒரு மாணவர் கேட்டதற்காகத் தன் கணக்கைத் திரும்பப் பார்க்கிற மனசு பெரிது.

தெலுக் இந்தானில் எங்கள் பிள்ளைகள் தினமும் சாய்ந்த கோபுரத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். 1885-ல் கட்டியது. உள்ளே தண்ணீர்த் தொட்டியின் பாரம், அடியில் இளகிய மண். ஏன் சாய்ந்தது என்று அவர்கள் கேட்க ஆரம்பித்தால் அங்கேயே பாதிப் பொறியியல் வந்துவிடும். நாம் என்ன செய்கிறோம்? 'உன்னால் முடியும்' என்று சொல்ல ஆளைக் கூப்பிட்டு, மாலை போட்டு, படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். எது முடியும், எப்படி முடியும் என்று யாரும் காட்டுவதில்லை.

அதனால் வருகிற பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை, கோயில் மண்டபத்தில், படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகளுக்கு நாங்களே ஒரு சின்னக் கூட்டம் வைக்கிறோம். பேசுகிறவர் தன் கையால் செய்த, அல்லது பழுது பார்த்த ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். பாதி நேரம் பிள்ளைகள் கேட்பதற்கு. எங்கள் செம்பனை ஆலையில் பழ நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து ஓடும் பாயிலரை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்ட அண்ணன் ஒருவர் ஒத்துக்கொண்டார். "எனக்கு மேடையில பேச வராதேம்மா" என்றார். "சேஃப்டி வால்வைக் கழற்றிக் காட்டுங்கண்ணே, அது போதும்" என்றேன். சரி என்றார்.

இன்னும் இரண்டு பேர் வேண்டும். தையல் மெஷின் பழுது பார்ப்பவர், படகு கட்டுபவர், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், யாராக இருந்தாலும் சரி. பீடோர், ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கம் அப்படி ஆள் தெரிந்தால் சொல்லுங்கள். நானே நேரில் வந்து அழைக்கிறேன், பெட்ரோல் காசும் என்னுடையது.