பீஎச் மீற்றரோடு தோட்டப் பாடசாலைக்குப் போகும் பேராதனைக்காரர்களுக்கு

பேராதனையில் இரசாயனவியல் முடித்த நம்ம ஆட்கள் தோட்டப் பாடசாலைகளுக்குச் செய்முறை காட்டப் போனால், நியமிப்போடு (அமிலத்தையும் காரத்தையும் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துச் செறிவு காணும் செய்முறை) நிறுத்த வேண்டாம். தேயிலை மண்ணின் பீஎச், அதாவது அமிலத்தன்மையின் அளவு, பாருங்கள்; எண் குறையக் குறைய அமிலம் கூட. பிள்ளைகளுக்கு அது வீட்டு விஷயம்.

தேயிலை மலையில் பல இடங்களில் மேல் 15 சென்ரிமீற்றர் மண்ணை எடுத்துக் கலக்குங்கள். புதிதாக உரம் போட்ட இடம் கூடாது. நிழலில் உலர்த்தி, 2 மில்லிமீற்றர் அரிதட்டில் அரித்து, 10 கிராமுக்கு 25 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீர். நன்றாகக் கிளறி அரை மணி நேரம் விட்டுத்தான் அளக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அதிலுள்ள இருகாபனேற்று பீஎச்சைக் கூட்டிக் காட்டும்.

மீற்றரை பீஎச் 4, 7 தாங்கற் கரைசல்களில் (பீஎச் எளிதில் மாறாத கரைசல்கள்) சரிபாருங்கள். இது அமில மண், 10க்கு வேலையில்லை. மீற்றரின் மின்வாயை (கரைசலில் அமிழ்த்தும் முனை) வடித்த நீரில் ஊறப்போடுவதுதான் எல்லா ஆய்வுகூடத்திலும் நடக்கிற கூத்து. உள்ளிருக்கும் உப்பு கசிந்து, வாசிப்பு நிலையில்லாமல் அலையும். 3 மோலார் பொற்றாசியம் குளோரைட்டில் வையுங்கள்.

பீஎச் 4.5–5.5 தேயிலைக்குத் தோது. குறைந்தால் அமிலத்தைத் தணிக்கும் டொலமைற் சுண்ணக்கல் தூள் போட வேண்டும், எவ்வளவு என்பதற்குத் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை இருக்கிறது. யூரியாவோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள், நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும்.