சுண்ணாம்பு காயும் வரை ஊர் சுற்றல்

வீட்டு வேலை முடிந்த பிறகு எங்கேயாவது போகலாம் என்று இருந்திருந்தால், இந்தக் கோடை முழுக்க வாசற்படி தாண்டியிருக்க மாட்டோம். பழைய வீட்டில் வேலை முடிவது என்று ஒன்று கிடையாது. அதனால் இவர் ஒரு வழி சொன்னார்: எதையாவது பூசிவிட்டு, அது காய்கிற நேரத்தில் கிளம்பிவிடுவது. சுண்ணாம்புப் பூச்சும் ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கும் எண்ணெய்ப் பட்டியும் அவசரப்படுத்தினால் கெட்டுப்போகிற சாமான்கள். பக்கத்தில் உட்கார்ந்து முறைத்துப் பார்த்தாலும் சீக்கிரம் இறுகாது. சுவர் என் பொறுப்பு, ஜன்னல் இவர் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டு இறங்கினோம்.

செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய சுவர். அதன்மேல் பிற்காலத்தில் யாரோ சிமென்ட் பூசியிருக்கிறார்கள். போர்ட்லண்ட் சிமென்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியதே 1824இல்தான். அதற்குப் பிறகும் வெகுகாலம் சாதாரண வீடுகள் சுண்ணாம்பில்தான் எழுந்தன. அந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. அடியிலிருந்து ஏறுகிற ஓதம் போக இடமில்லாமல் உள்ளேயே நிற்க, அதில் கரைந்து வந்த உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே உரித்துத் தள்ளுகிறது.

பார்வைக்குப் பூச்சு நல்ல கெட்டி. விரல் கணுவால் தட்டினால்தான் டொப் டொப்பென்று உள்ளே பொள்ளல் கேட்கும். உளியைச் சாய்த்துப் பிடித்து விளிம்பில் மெல்லத் தட்டினேன். ஒரு முழ அகலத்துக்கு அப்படியே கழன்று கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கச் செங்கல் தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுவரைக் காப்பாற்றப் பூசியது சுவரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

ஆனால் சுவரைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாக வேண்டும். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் இணைப்பு விட்டுப்போய், மொத்தமும் சுவரின் காலடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. வெளியே மண் வேறு வருடக்கணக்கில் மேடேறி, உள்தரையைவிட உயரமாகிவிட்டது. குழாயைச் சரிசெய்து மண்ணை வெட்டி இறக்கியதுதான் இந்தக் கோடையின் மிகப் பயனுள்ள வேலை என்பேன். படம் எடுத்துக் காட்ட மட்டும் அதில் ஒன்றும் இல்லை.

இனி சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கல்லை 900 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால் கரியமில வாயு போய்ச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். பூசிய பிறகு காற்றிலிருக்கும் கரியமில வாயுவைத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகிறது. கட்டடத்துக்கு மூன்று வருடத்துக்குக் குறையாமல் ஊறிய சுண்ணாம்பைத்தான் ஒப்பந்தக்காரர் பயன்படுத்த வேண்டும் என்று பழைய ரோமச் சட்டம் இருந்ததாக அந்தக் கால ரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அவ்வளவு பொறுமை எங்களுக்கு இல்லை. நீற்றி ஊறவைத்த விழுதையே வாங்கிவிட்டோம். நீற்றும்போது தெறிக்கிற கொதிசுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பது இன்னொரு காரணம். பூசும்போதும் கண்ணாடியும் கையுறையும் போடாமல் நான் கரணையைத் தொடுவதில்லை.

ஒரு பங்கு விழுதுக்கு மூன்று பங்கு சலித்த மணல். சொரசொரப்பான மணலாக இருக்க வேண்டும், வழவழ மணல் பிடிக்காது. தண்ணீர் சேர்க்கவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உதிரி உதிரியாகத்தான் இருக்கும், கை வலிக்கக் குத்திக் குழைத்தால் தானாக இளகிவரும். சுவரை நன்றாக நனைத்துவிட்டு, ஒரு தடவைக்குப் பத்து மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றாமல் அப்பினேன். சற்று இறுகியதும் அடுத்த பூச்சுக்குப் பிடிமானமாகக் குறுக்கும் நெடுக்கும் கீறல்.

கோடை வெயில் இதற்கு நண்பன் அல்ல. கரியமில வாயு கரைந்து வேலை செய்யவே பூச்சில் கொஞ்சம் ஈரம் தேவை. அதற்குள் தண்ணீர் வற்றிவிட்டால் சுவர் காய்ந்த மாதிரி தெரியும், தேய்த்தால் மாவாக உதிரும். அதனால் வாரத் தொடக்கத்தில் பூசுவது, காலையும் மாலையும் தெளிப்பானால் ஈரம் காட்டுவது, வெள்ளி இரவு நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு மேலே பிளாஸ்டிக் தாள் கட்டுவது, சனி விடியலில் பையைத் தூக்குவது என்று ஒரு முறை அமைந்துவிட்டது.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு ஆசை. அதே கலவையில் ஒரு சின்ன வில்லை தட்டி ஜன்னல் திட்டில் போட்டுவைத்திருந்தேன். மாதம் ஒன்று போல ஆனதும் இரண்டாக உடைத்து, உடைந்த முகத்தில், காரம் பட்டால் ரோஸாகிற பினாப்தலின் கரைசலைச் சொட்டினேன். நடுப்பகுதி பளீரென்று ரோஸ் நிறம். ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடாக நிறமே மாறாத பகுதி. அந்தக் கோடுதான் இதுவரை கல்லானது, ரோஸ் எல்லாம் இன்னும் சுண்ணாம்பு. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இந்த வேகத்துல போனா நாம இன்னும் நிறைய ஊர் பார்க்கலாம் போலிருக்கே” என்றார்.

ஜன்னல் பக்கம் வேறு கதை. பழைய பெயின்ட் என்றாலே ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 1978இல்தான் தடை செய்தார்கள். அதனால் உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்ப்பதே இல்லை. தண்ணீர் தெளித்து, சுரண்டியால் ஈரத்தோடு வழித்து, கீழே விரித்த தாளோடு சுருட்டி எடுப்பது. அந்த உடுப்போடு இவருக்கு வீட்டுக்குள் அனுமதி கிடையாது.

கண்ணாடிகளை மட்டும் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினார். பழைய கண்ணாடி லேசாக அலையடிக்கும். அதன் வழியே பார்த்தால் வெளியே நிற்கிற மரம் நெளியும். கண்ணாடி காலப்போக்கில் வழிந்து கீழே தடித்துவிடுகிறது என்று சொல்வார்கள், அது கட்டுக்கதை. ஊதிச் செய்த காலத்தின் தடம் அது, அவ்வளவுதான். உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுச் சமமாக வார்க்கும் முறையை பில்கிங்டன் நிறுவனம் உலகுக்கு அறிவித்தது 1959இல். இன்றைய கண்ணாடிக்கு அந்த நெளிவு வராது.

சாக்கட்டிப் பொடியும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்துப் பிசைந்த பட்டியைச் சட்டத்தில் அழுத்தி, கத்தியால் ஒரே இழுப்பில் சரிவாக வழிக்க வேண்டும். மேலே தோல் கட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதன் பிறகே பெயின்ட். பெயின்டும் பட்டியோடு நிற்காமல் கண்ணாடி மேல் இரண்டு மில்லிமீட்டர் ஏறினால்தான் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது.

இதில் கிளம்பும்முன் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று, எண்ணெய் துடைத்த துணி. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடாகும்; கசக்கி மூலையில் போட்ட துணி யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும். ஆகவே எங்கள் சனிக்கிழமை விடியல் இப்படித்தான்:

“ஏங்க, துணியெல்லாம் தண்ணியில போட்டீங்களா?”

“போட்டாச்சு. நீ சாக்கை நனைச்சியா?”

பயணங்களில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆற்றங்கரையில் கூடாரம், ஒரு மலை, நிறையத் தூக்கம். ஆனால் கடலோரத்துப் பழைய கோட்டை ஒன்றில் மட்டும் வெகுநேரம் நின்றுவிட்டோம். காற்று மோதும் பக்கத்தில், சுண்ணாம்பு இட்ட இணைப்புகள் அரித்து உள்வாங்கியிருக்கின்றன, கற்கள் முழுசாக இருக்கின்றன. சில அடி தள்ளி, பின்னாளில் சிமென்ட் வைத்து அடைத்த இடத்தில் எல்லாம் தலைகீழ். சிமென்ட் கோடுகள் சட்டம் போலத் துருத்திக்கொண்டு நிற்க, நடுவே இருந்த கல் குழிந்து போயிருக்கிறது. இணைப்புக் காரை கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும், தேய்வதைத் தான் வாங்கிக்கொண்டு கல்லை விட்டுவைக்க வேண்டும். எத்தனையோ தடவை படித்ததுதான். அங்கே விரலை விட்டுத் தடவிப் பார்த்தபோதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. ஊர் திரும்பியதும் வெளிச்சுவர் இணைப்புகளுக்கு வைத்திருந்த கலவையை இன்னும் கொஞ்சம் மென்மையாக்கினேன்.

தற்போதைய நிலவரம்: கூடத்தின் மேல்பாதிக்கு இரண்டாம் பூச்சு முடிந்தது. முன்பக்க ஜன்னல்கள் சட்டத்தில் ஏறிவிட்டன, பின்பக்கத்தவை இன்னும் மேஜைமேல். வாசல் நிலைக்கு மேலே மரவேலைப்பாடு இருந்து பெயர்ந்துபோன தடம் ஒன்று உண்டு. அந்த வகை வேலைப்பாடு ஒன்றைச் செய்து ஒட்டிவிடலாமா என்று இவருக்கு ஆசை. ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்புப்பணி நின்றுவிட வேண்டும் என்கிற, பழங்கட்டடப் பாதுகாப்புக்கான 1964ஆம் வருட வெனிஸ் சாசனத்தைச் சொல்லி நான் மறுக்கிறேன். வாக்குவாதம் பயணங்களிலும் தொடர்கிறது.

சுவரின் கீழ்ப்பாதி செங்கல் தெரிய அப்படியே நிற்கிறது. இருபத்தைந்து மில்லிமீட்டர் கனம் உலர ஒரு மாதம் என்பது பழைய சுவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அப்படிப் பார்த்தால் ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒரு கோடை போதாது. ஈரமானி இன்னும் அதிகமாகவே காட்டுகிறது, ஆனால் உப்பு இருந்தாலும் அது ஏறிக் காட்டும் என்பதால் அந்த எண்ணை நான் அப்படியே நம்புவதில்லை. பூக்கிற உப்பை வாரம் ஒருமுறை உலர்ந்த தூரிகையால் துடைத்து, முறத்தில் பிடித்து வெளியே கொட்டுகிறேன். மழை ஒரு சுற்று வந்துபோகட்டும். புதுக் குழாய் இணைப்பு தாக்குப்பிடித்து, உப்பும் நின்றால், கீழ்ப்பாதிக்குக் கலவை குழைக்கலாம்.